எந்த மொழியில் ஒப்புக்கொண்டார்?

1996 ஏப்ரலில், நடு அந்தமானின் கடம்தலாவை ஒட்டி, கால் எலும்பு முறிந்த ஜாரவா இளைஞர் ஒருவர் ஊராரிடம் அகப்பட்டார். போர்ட் பிளேரிலுள்ள கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனைக்கு அவர் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே மாதக்கணக்கில் அவருக்குச் சிகிச்சை நடந்தது. எலும்பு கூடியது; அவர் காட்டுக்குத் திரும்பினார். 1997 அக்டோபரில், அதுவரை வெளியாரை அம்பு எய்து விலக்கிவந்த ஜாரவாக்கள், பட்டப்பகலில் ஆயுதமின்றிக் குடியிருப்புகளுக்குள் நடந்து வந்தனர். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. ஒரு கால் முறிவுக்கு அளித்த சிகிச்சை, 2011 கணக்கெடுப்பிலும் 380 பேரையே கொண்டிருந்த ஒரு மக்களின் வரலாற்றுத் திருப்பத்தோடு பிணைத்துச் சொல்லப்படுகிறது.

இக்கதையைச் சொல்வோர், அந்த இளைஞர் மருத்துவமனையில் கொஞ்சம் இந்தி கற்றுக்கொண்டதை வியப்போடு குறிப்பிடுவர். மருத்துவமனை அவருடைய மொழியில் எத்தனை சொற்களைக் கற்றது என்று கேட்போர் அரிது. எலும்பை இழுத்து நேராக்கும்போது, கட்டுப்போடும்போது, நாள்கள் வாரங்களாகி வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்தபோது, 'இது எதற்காக, எவ்வளவு காலம், வேண்டாமென்றால் என்ன ஆகும்' என்ற மூன்று கேள்விகளுக்கும் அவருக்கு விளங்கும் மொழியில் விடை சொல்ல அங்கே யாரால் இயன்றிருக்கும்? மருத்துவர்கள்மீது இதில் குற்றம் காண இயலாது. முறிந்த எலும்பு மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திராது. அன்று வேறு வழி இல்லை. கேள்வி இன்றைக்கானது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தும், அதே தீவுகளில், நாள் குறித்து, இரத்தப் பரிசோதனை முடித்து, நிதானமாகத் திட்டமிட்டு நடத்தப்படும் அறுவை சிகிச்சைகளிலும், நோயாளியின் மொழி என்பது தற்செயலாகக் கிடைத்தால் மகிழ வேண்டிய ஒன்றாகவே ஏன் இருக்கிறது?

அறுவை சிகிச்சையைச் சட்டத்தின் கண்ணில் காயப்படுத்தலிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் நோயாளியின் ஒப்புதலே. கத்தி ஒன்றுதான், குருதியும் ஒன்றுதான். விளங்கிக்கொண்டு சொல்லப்பட்ட 'சரி' என்ற ஒரு சொல்தான் இரண்டுக்கும் இடையிலுள்ள வேலி. அந்தச் சொல் மொழியால் ஆனது. ஆகவே நோயாளியின் மொழியை அறிவது மருத்துவமனை காட்டும் கூடுதல் அன்பு என்று கருதுவது பிழை. அது, கிருமிநீக்கத்தைப் போல, இரத்த வகை பார்ப்பதைப் போல, அறுவை சிகிச்சையின் ஓர் உறுப்பு. கிருமிநீக்கம் செய்யாத கத்தரியைக் 'கையில் கிடைத்தது இதுதான்' என்று சொல்லி எந்த அறுவையாளரும் எடுப்பதில்லை. ஆனால் வாசலில் நிற்கும் மைத்துனரை 'உனக்கு இந்தி வருமா, இவருக்குச் சொல்' என்று மொழிபெயர்ப்பாளராக்குவது இந்திய மருத்துவமனைகளில் அன்றாட வழக்கமாக இருக்கிறது.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இவ்வழக்கம் பிற இடங்களைவிடக் கூடுதல் ஆபத்தானது. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்ந்தோர் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் வங்காளத்தைத் தாய்மொழியாகச் சொன்னோர் சுமார் 28 விழுக்காடு, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13, நிக்கோபாரியும் மலையாளமும் தலா 7 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இவற்றோடு சாத்ரி, குருக் பேசும் 'ராஞ்சி' மக்களும், மாயாபந்தர் வட்டாரத்துக் கரேன் மக்களும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழரும் உளர். பெரும்பான்மை மொழி என்று எதுவுமே இல்லாத நிலப்பரப்பு அது. அங்கே 'உள்ளூர் மொழி' என்ற சொல்லுக்கு ஒருமையில் பொருள் கிடையாது.

'அந்தமானில் எல்லோருக்கும் இந்தி தெரியும்' என்பது இதற்கு வழக்கமாக வரும் மறுமொழி. அதில் பாதி உண்மை உண்டு. 1858இல் தொடங்கிய கைதிக் குடியேற்றத்திலிருந்து வளர்ந்த ஒருவகைப் பேச்சு இந்தி அத்தீவுகளின் பொது மொழி. அதில் மீன் வாங்கலாம், படகுக்குச் சீட்டு எடுக்கலாம், பக்கத்து வீட்டாரோடு சண்டையிட்டுச் சமாதானமும் ஆகலாம். ஆனால் 'பெருங்குடலில் ஒரு பகுதியை அகற்ற வேண்டிவரும். சில மாதங்கள், ஒருவேளை வாழ்நாள் முழுதும், வயிற்றில் திறந்த துளையின்மேல் மாட்டிய பையில்தான் மலம் வெளியேறும். இதைச் செய்யாவிட்டால் நேரக்கூடியது இது' என்பதைச் சந்தை மொழியில் கேட்டு, மறுகேள்வி கேட்டு, தயங்கி, மறுத்து, பிறகு இசைய முடியுமா? ஒரு மொழியைப் 'தெரியும்' என்பதற்குப் பல படிகள் உண்டு. விலை பேசத் தெரிவது முதற்படி. தன் உடலைப் பற்றி 'வேண்டாம்' என்று காரணத்தோடு சொல்லத் தெரிவது கடைசிப் படிகளில் ஒன்று. ஒப்புதல் கேட்கப்படுவது அந்தக் கடைசிப் படியில்.

தாய்மொழியே பொதுவாக இருந்தாலும் வழுக்கும் இடங்கள் பல. தமிழில் 'நரம்பு' என்ற சொல்லை எடுத்துக்கொள்க. மருத்துவர் அதை உணர்வையும் இயக்கத்தையும் கடத்தும் இழை என்ற பொருளில் சொல்கிறார். பேச்சுத் தமிழில் புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தெரியும் இரத்தக்குழாயும் நரம்புதான். குதிகாலின் மேலே கயிறுபோல் தட்டுப்படும் தசைநாணும் நரம்புதான். தைராய்டு அறுவைக்கு முன், 'நரம்பில் அடிபட வாய்ப்புண்டு' என்று கேட்கும் ஒருவர், கொஞ்சம் இரத்தம் போகும் போலும் என்று எண்ணித் தலையசைக்கலாம். அங்கே சொல்லப்படுவது, குரல் கம்மிப்போகலாம் என்பது. பாடுபவருக்கோ, வகுப்பெடுப்பவருக்கோ, படகுத்துறையில் கூவி விற்பவருக்கோ அந்த ஒரு சொல்லின் பொருள் பிழைப்பையே பொறுத்தது.

'ஆபரேஷன்' என்ற சொல்லும் அப்படியே. தமிழகச் சிற்றூர்களில் ஒரு பெண் 'ஆபரேஷன் பண்ணியாச்சு' என்று அடைமொழியின்றிச் சொன்னால், அது பெரும்பாலும் கருத்தடை அறுவையைக் குறிக்கும். சிசேரியனுக்கு நிற்கும் பெண்ணிடம் 'ஆபரேஷன் பண்ணணும், சரியா' என்று மட்டும் கேட்டு வாங்கிய தலையசைப்பு எதற்கான இசைவு? இந்தக் குழப்பம் தமிழருக்கும் தமிழருக்கும் இடையிலேயே நேரக்கூடியது. வங்காளம் பேசும் மருத்துவர், மலையாளச் செவிலியர், நிக்கோபாரி நோயாளி, நடுவே இந்தியில் பாதி தெரிந்த உறவினர் என்று நான்கு கைமாறி வரும் 'சரி'யின் எடை என்ன?

இடமும் வலமும்கூட உலகம் முழுதும் ஒரே வகையில் பேசப்படுவதில்லை. 1990களில் எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வில், நகரத்தார் பொருள்களின் இருப்பிடத்தைப் பெரிதும் இடம் வலம் என்றும், கிராமத்தார் பெரிதும் கிழக்கு மேற்கு என்றும் சொல்வதாகக் கண்டார். கைகளைச் சோற்றுக்கை, பீச்சாங்கை என்று பிழையின்றிப் பிரிப்பவர்தாம், அடிவயிற்றின் எந்தப் பக்கம் குடல் இறங்கியிருக்கிறது என்று படுக்கவைத்துக் கேட்டால் ஒரு கணம் தடுமாறலாம். எதிரில் நிற்பவர் தம் வலத்தைச் சொல்கிறாரா, படுத்திருப்பவரின் வலத்தைச் சொல்கிறாரா என்ற ஐயமும் சேரும். தவறான பக்கத்தில் கத்தி வைப்பது எல்லா நாடுகளிலும் நேரும் பிழை. அதைத் தடுக்கவே நோயாளி விழித்திருக்கும்போதே அறுக்கும் இடத்தை மையால் குறிக்கும் நடைமுறை வந்தது. அந்நடைமுறையின் தொடக்கமே நோயாளியோடு நிகழும் ஒரு பேச்சு.

உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை மருத்துவ உலகம் அறியும். பத்தொன்பது வினாக்கள், மூன்று கட்டங்கள். மயக்க மருந்து தருமுன் கேட்கவேண்டிய முதல் வினாவே, நோயாளி தம் அடையாளத்தையும், அறுக்கும் இடத்தையும், செய்யப்போகும் அறுவையையும், தம் ஒப்புதலையும் உறுதிப்படுத்தினாரா என்பது. புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் இப்பட்டியலைச் சோதித்து 2009 தொடக்கத்தில் வெளியான ஆய்வு, அறுவைக்குப் பிந்திய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், பெருஞ்சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்ததாகக் காட்டியது. அதே பட்டியல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் கட்டாயமாக்கப்பட்டபின் 101 மருத்துவமனைகளின் தரவை ஆராய்ந்து 2014இல் வந்த ஆய்வோ, குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று அறுவையாளர்கள் இன்றும் வாதிடுகின்றனர். அவ்வாதத்தில் மீண்டும் மீண்டும் எழும் ஐயம் ஒன்று: வாயால் பேசிக் கேட்க வேண்டியதைப் பேனாவால் குறியிட்டு முடித்துவிட்டார்களோ? பட்டியல் ஓர் உரையாடலுக்கான குறிப்பு. உரையாடலுக்குப் பொதுமொழி இல்லாத இடத்தில் அந்த முதற் கட்டத்துக்குக் குறியிடுவது, நடக்காத ஒன்றுக்குச் சாட்சியம் அளிப்பதாகும்.

அறுவைத் துறையின் தற்கால ஆய்வுகள் இந்த இடத்தில்தான் கண்ணை மூடிக்கொள்கின்றன. 2015இல் லான்செட் இதழின் உலக அறுவைச் சிகிச்சை ஆணையம், பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை உலகில் 500 கோடிப் பேருக்கு எட்டவில்லை என்று அறிவித்தது. அது பேரறிக்கை, ஐயமில்லை. சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, திறந்த எலும்பு முறிவுக்கான சிகிச்சை ஆகிய மூன்றும் இரண்டு மணி நேரத்துக்குள் எட்ட வேண்டும் என்றது. ஒரு இலட்சம் பேருக்கு இத்தனை நிபுணர், இத்தனை அறுவைகள், இறப்பு விகிதம், நோயால் கடனில் மூழ்குவோர் என்று ஆறு அளவைகளை வகுத்தது. அந்த ஆறில் ஒன்றுகூட, நோயாளிக்கு விளங்கியதா என்று கேட்கவில்லை. கிலோமீட்டர் அளக்கப்பட்டது, நிமிடம் அளக்கப்பட்டது, ரூபாய் அளக்கப்பட்டது. புரிதல் அளக்கப்படவில்லை.

அந்தமானைப் பற்றிய பேச்சும் இதே தடத்தில்தான் போகிறது. கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயிலிருந்து போர்ட் பிளேர் 500 கிலோமீட்டருக்கு மேல். ஹெலிகாப்டர் கிடைக்குமா, கடல் கொந்தளிக்குமா, நிபுணர் பணியிடம் நிரம்பியதா என்பவை பேசப்படுகின்றன. பேசப்பட வேண்டியவைதாம். 2015இல் தீவுகளுக்கென மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதும், பந்த் மருத்துவமனை அதன் பயிற்சி மருத்துவமனையானதும் உண்மையான முன்னேற்றங்கள். ஆயினும் ஹெலிகாப்டரில் வந்திறங்கும் நோயாளி, 500 கிலோமீட்டரைக் கடந்தபின், மருத்துவரின் மேசைக்கும் தம் நாற்காலிக்கும் நடுவிலுள்ள மூன்றடியைக் கடக்க முடியாமல் நின்றால், அத்தூரம் எந்தக் கணக்கில் சேரும்?

விளங்காமையின் விலை என்ன என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1980இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். குடும்பத்தார் ஸ்பானிய மொழியில் சொன்ன 'இன்டாக்ஸிகாடோ' என்ற சொல், போதை மிகுதி என்று கொள்ளப்பட்டது. அவர்கள் சொல்லவந்தது, உண்டது ஏதோ ஒவ்வாமல் போயிற்று என்பது. உண்மையில் மூளையில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டறிய நாள்கள் கடந்தன. அவர் கைகால் நான்கும் செயலிழந்தார். ஏறத்தாழ 7 கோடியே 10 இலட்சம் டாலர் இழப்பீட்டில் வழக்கு முடிந்தது. அன்று அங்கே தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைத் தேடவில்லை; தேவை என்று எவருக்கும் தோன்றவில்லை. இரு தரப்பும் தமக்குப் புரிந்துவிட்டதாகவே நினைத்தன.

2003இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழொன்றில் வந்த ஆய்வு, மொழிபெயர்ப்பாளர் நடுவிருந்த 13 மருத்துவச் சந்திப்புகளின் ஒலிப்பதிவைச் சொல்சொல்லாக ஆராய்ந்தது. சந்திப்புக்குச் சராசரியாக 31 பிழைகள். அவற்றுள் 63 விழுக்காடு நோயாளியின் உடலைப் பாதிக்கக்கூடியவை. கைக்குக் கிடைத்தவர் மொழிபெயர்த்தபோது அந்த விகிதம் 77 விழுக்காடு. மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளர் செய்தபோது 53 விழுக்காடு. பயின்றவரும் பிழைசெய்கிறார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பயிலாதவர் கூடுதலாகக் காயப்படுத்துகிறார் என்பதையும் மறைக்க இயலாது. உறவினரின் பிழைக்கு அறியாமை மட்டும் காரணம் அல்ல. தாயிடம் 'புற்று' என்ற சொல்லைச் சொல்ல மகனுக்கு வாய் வராது. கருப்பையை எடுக்கப்போவதை மாமியாரிடம் விளக்க மருமகன் கூசுவார். அவர்கள் அன்பினால் பொய் சொல்வார்கள். அந்தப் பொய்யின் அடியில் நோயாளி கைரேகை வைப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை ஒழுங்குமுறைகளில் 7.16ஆம் பிரிவு, அறுவைக்கு முன் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. கணவன் அல்லது மனைவி, சிறாராயின் பெற்றோர் அல்லது காப்பாளர், அல்லது நோயாளி தாமே என்று வரிசைப்படுத்துகிறது. எழுத்து வேண்டும் என்ற பிரிவு, எந்த மொழியின் எழுத்து என்று சொல்லவில்லை. நோயாளியை வரிசையின் கடைசியில் நிறுத்தியிருப்பதும் கவனிக்கத்தக்கது. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சற்றே நேராக்கியது. உட்காட்டிக் கருவியால் பார்க்க மட்டும் இசைந்த பெண், மயக்கத்தில் இருந்தபோது தாயின் ஒப்புதலோடு கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்ட வழக்கு அது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சிந்திக்கும் திறனுள்ள வயதுவந்த ஒருவருக்காகத் தாயும் ஒப்புக்கொள்ள முடியாது என்று தீர்ப்பு வந்தது. போதிய தகவலைப் பெற்று, தாமாக இசைவதே ஒப்புதல் என்றது நீதிமன்றம். விளங்காத மொழியில் தரப்பட்ட தகவலைப் போதிய தகவல் என்று எவ்வாறு கொள்வது?

இன்னொரு முரண் உண்டு. புதிய மருந்துகளும் மருத்துவச் சோதனைகளும் பற்றிய 2019ஆம் ஆண்டு விதிகள், சோதனைக்கு உட்படுவோருக்கு அவர்களுக்கு விளங்கும் மொழியில் தகவல் தரப்பட வேண்டும் என்கின்றன. புதிய வேதிப்பொருள் மீதான சோதனையில் எளிதில் பாதிப்புறத்தக்கோர் பங்கேற்றால், ஒப்புதல் பெறும் நிகழ்வை ஒலி ஒளிப் பதிவு செய்யவும் கட்டாயப்படுத்துகின்றன. மாத்திரை ஒன்றைச் சோதனைக்காக விழுங்குபவருக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, வயிற்றைத் திறக்கக் கொடுப்பவருக்கு அதே கண்டிப்போடு கிடைப்பதில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் வரைந்த நோயாளர் உரிமைச் சாசனம் நோயாளி அறிந்த மொழியில் விளக்குவதை உரிமை என்றே குறிப்பிடுகிறது. வரவேற்க வேண்டியது. ஆனால் சுவரில் தொங்கும் சாசனம் தானே எழுந்து வந்து மொழிபெயர்ப்பதில்லை. அதற்குச் சம்பளம் வாங்கும் ஓர் ஆள் வேண்டும்.

இதுவரை வாசித்த தமிழர் பலர், அந்தமானில் தமிழருக்குத் தமிழில் படிவம் வேண்டும் என்ற கோரிக்கையாக இதைக் கொண்டு மகிழ்ந்திருக்கக்கூடும். அக்கோரிக்கை நியாயமானது. ஆனால் கண்ணாடியைத் திருப்பிப் பிடிக்க வேண்டிய இடமும் இதுவே. தீவில் செய்ய இயலாத பெரிய அறுவைகளுக்கு நோயாளிகள் அனுப்பப்படும் நகரங்களில் ஒன்று சென்னை. ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் கடல் கடந்து கார் நிக்கோபாரிலிருந்து இதய அறுவைக்கோ புற்று அறுவைக்கோ சென்னைக்கு வரும் ஒரு முதியவர் எனக் கொள்க. வார்டில் பேசப்படுவது தமிழ். படிவத்தில் இருப்பது ஆங்கிலமோ தமிழோ. அவருக்குத் தெரிந்தது நிக்கோபாரியும், சந்தை அளவு இந்தியும். தமிழ் நிலத்தின் மருத்துவமனையில் அவர் யார்? 1996இல் பந்த் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த இளைஞருக்கும் அவருக்கும் வேறுபாடு எவ்வளவு? இந்தித் திணிப்பை எதிர்த்து நூறாண்டு வாதாடிய ஒரு சமூகம், தன் வார்டுக்கு வரும் சிறுபான்மை மொழியாளரிடம் 'இந்தியாவது தெரியுமா' என்று கேட்கும்போது, தன் வாதத்தையே தோற்கடிக்கிறது. மொழியுரிமை என்பது தன் மொழிக்கு மட்டும் கேட்கப்பட்டால் அதற்கு வேறு பெயர்.

'நிக்கோபாரி சிறிய மொழி. பேசுவோர் 29 ஆயிரத்தை ஒட்டியவர். எட்டாம் அட்டவணையிலும் இல்லை. மருத்துவத்தைச் சொல்ல அதில் சொல் ஏது' என்போர் உண்டு. கார் நிக்கோபாரின் மருத்துவமனை யார் பெயரைத் தாங்குகிறது என்று அவர்கள் பார்க்க வேண்டும். பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் விவிலியத்தைக் கார் நிக்கோபாரியில் மொழிபெயர்த்தவர். படைப்பையும், சட்டத்தையும், பாவத்தையும், உயிர்த்தெழுதலையும் சொல்ல இடம்கொடுத்த மொழிக்கு, 'குடல்வாலை எடுக்க வேண்டும். நூறில் சிலருக்குப் புண்ணில் சீழ் பிடிக்கலாம்' என்பதைச் சொல்ல இடமில்லையா? மொழிபெயர்த்தவரின் பெயரைக் கட்டடத்துக்குச் சூட்டியவர்கள், அவர் செய்த வேலையின் சிறு துண்டைக் கட்டடத்துக்குள்ளும் செய்யலாம்.

உடலைப் பேசுவதில் இத்தீவுகளின் மொழிகள் ஏழை என்று எண்ணுவதும் அறியாமையே. அன்விதா அப்பி ஆராய்ந்து எழுதிய பெரும் அந்தமானிய மொழியின் இலக்கணம் முழுவதும் உடலின்மேல் கட்டப்பட்டது. உடலை ஏழு பகுதிகளாகப் பகுத்து, அப்பகுதிகளிலிருந்து பிறந்த முன்னொட்டுகளைப் பெயரும் வினையும் அடையும் ஏற்கின்றன. இரத்தம் என்பதற்கும் அது உடலின் எப்பகுதியைச் சார்ந்தது என்பதற்கேற்ப வடிவம் மாறும். அம்மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூதாட்டி 2010இல் மறைந்தார். வலி எங்கே என்று மருத்துவர் கேட்கும் கேள்விக்கு இலக்கணத்திலேயே விடை வைத்திருந்த மொழிகள் அவை. கேட்கும் பக்கத்தில்தான் குறை இருந்தது.

எதிர்வாதங்கள் எளியவை அல்ல. அவற்றுக்கு விடை சொல்ல வேண்டும். முதலாவது, அவசர காலம். இரத்தம் வடிந்துகொண்டிருக்கும்போது மொழிபெயர்ப்பாளரைத் தேட முடியாது. தேட வேண்டியதும் இல்லை. உயிர்காக்கும் நல்லெண்ணச் செயலுக்கு ஒப்புதல் பெற இயலாத நிலையில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு காப்பளிக்கிறது; முன்னர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு அளித்த அதே காப்பு. ஆனால் அவசரத்துக்கான அந்த விலக்கைக் குடலிறக்கத்துக்கும், பித்தப்பைக் கல்லுக்கும், கண்புரைக்கும் நீட்டித்துக்கொள்வது நேர்மையாகாது. நாள் குறிக்க நேரம் இருந்ததெனில், விளக்கவும் நேரம் இருந்தது.

இரண்டாவது, மருத்துவருக்கு ஓய்வில்லை என்பது. உண்மை. ஆகவேதான் இதை மருத்துவரின் தோளில் ஏற்றக்கூடாது. கேட்டதை நோயாளியே தம் சொற்களில் திரும்பச் சொல்லவைக்கும் முறையை அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் ஏழில் சோதித்து 2010இல் வெளியான ஆய்வு, புரிதல் அதனால் கூடியதைக் காட்டியது. கூடிய அளவு சிறிதே. ஆன செலவோ சில நிமிடங்களே. 'விளங்கியதா' என்று கேட்டால் எவரும் 'விளங்கியது' என்பர். 'உங்களுக்கு நாளை என்ன செய்யப்போகிறோம், சொல்லுங்கள்' என்று கேட்டால்தான் எது விளங்கவில்லை என்பது வெளிவரும்.

மூன்றாவது, கணினி மொழிபெயர்ப்பு வந்துவிட்டது என்பது. வங்காளத்துக்கும் தமிழுக்கும் அது ஓரளவு உதவலாம். இணையத்தில் எழுத்தே அரிதாக உள்ள நிக்கோபாரிக்கும் சாத்ரிக்கும், பதிவுகளே சொற்பமான ஜாரவாவுக்கும் கருவி எதைக் கற்று எதைச் சொல்லும்? சொல்வது தவறென்றால், அதை அறிந்து திருத்தவும் அம்மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் இருந்தால், அவரிடமே கேட்டுவிடலாம்.

நான்காவது, செலவு. 2020 ஆகஸ்டில் சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட தீவுகளுக்கும் கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீள ஒளியிழை வடம் திறந்துவைக்கப்பட்டது. ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவு. அந்த வடத்தின் ஒரு முனையில் சென்னை வார்டில் நிக்கோபாரி நோயாளி இருக்கிறார். மறுமுனையில் கார் நிக்கோபாரில் அவருடைய மொழியைத் தாய்மொழியாகப் பேசும் செவிலியர் இருக்கிறார். நடுவே வேண்டியது ஒரு தொலைபேசி, ஒரு பணியிடம், ஒரு சம்பளப் பட்டியல். செவிலியர் இதைத் தம் வேலைக்கு மேலாக இலவசமாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது இன்னொரு சுரண்டல்; ஆகவே சம்பளம் என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. பந்த் மருத்துவமனையிலும் கார் நிக்கோபார் மருத்துவமனையிலும், தீவு நோயாளிகளைப் பெறும் சென்னை மருத்துவமனைகளிலும் பயிற்சி பெற்ற மருத்துவ மொழிபெயர்ப்பாளர் பணியிடங்கள் வேண்டும். அடிக்கடி நடக்கும் அறுவைகள் ஒவ்வொன்றுக்கும் தீவு மொழிகளில் ஒலிவடிவ விளக்கம் வேண்டும். படிக்கத் தெரியாதோர்க்கும் காது உண்டு. ஒப்புதல் படிவத்தில், எந்த மொழியில் விளக்கப்பட்டது, விளக்கியவர் யார், நோயாளி திரும்பச் சொன்னது என்ன என்று மூன்று வரிகள் சேர வேண்டும். மருத்துவ மாணவருக்கான தொடக்கப் பயிற்சியில் உள்ளூர் மொழிக் கல்வி 2019 பாடத்திட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது. அந்தமானில் அது எந்த மொழி என்று கல்லூரி முடிவுசெய்து, ஒன்றுக்கு மேற்பட்டதாக ஆக்க வேண்டும். போர்ட் பிளேரில் 1983 முதல் இயங்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையம், அறுவை நோயாளிகளில் எத்தனை பேர் தாம் ஒப்புக்கொண்டது எதற்கு என்று சொல்ல முடிகிறது என்பதை அளக்க வேண்டும். அறுவை ஆய்விதழ்கள், வயதையும் பாலினத்தையும் கேட்பதுபோல், ஒப்புதல் எந்த மொழியில் பெறப்பட்டது என்பதையும் ஆய்வாளரிடம் கேட்க வேண்டும். கேட்காத வரை எவரும் குறித்துவைக்கமாட்டார்.

ஜாரவா மக்களுக்கு இவற்றில் பல இன்னும் பொருந்தா. அவர்களோடு எவ்வளவு நெருங்குவது என்பதே தனி வழக்கு. நெருக்கம் தட்டம்மையாக வந்ததை 1999 காட்டியது. ஆனால் அவர்களுள் ஒருவர் மீண்டும் எலும்பு முறிந்து அதே மருத்துவமனைக்கு வரும் நாள் வரக்கூடும். அன்று, எலும்பைப் பொருத்தும் கையோடு, 'வலிக்கும், ஆனால் சரியாகிவிடும், பிறகு வீட்டுக்குப் போகலாம்' என்று அவருடைய மொழியில் சொல்லத் தெரிந்த ஒருவர் கட்டிலருகே நிற்க வேண்டும். அந்த மூன்று வாக்கியங்களை ஆயத்தமாக வைத்திருக்க ஒரு நாட்டுக்கு முப்பது ஆண்டுகள் போதாவா?